செவ்வாயில் நின்ற மொட்டைப் பனை

விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரில் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு தகரக் கூம்பு கவிழ்ந்து கிடக்கும். ஆள் இடுப்பு உயரம். நுனி நசுங்கியிருக்கும். பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. முன்பு அதில் கண்ணாடி இருந்தது. இப்போது கோழிக்குஞ்சுகள் அதன் வழியாகத் தலையை நீட்டி வெளியே பார்க்கின்றன. பருந்துக்குப் பயந்து குஞ்சுகளை அதற்குள் விட்டு மூடுவது அக்காவின் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ மில் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். காலையில் அக்கா அதை ஒரு பக்கமாகத் தூக்கும்போது தகரம் முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குத் திண்டிவனத்துச் சினிமாக் கொட்டகை ஞாபகம் வந்துவிடும். அந்தக் கூம்பு ஒரு காலத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் வந்தது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊரான கிளியனூரில் ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்குப் போனேன். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன். பேசாமல் இருக்கிறவன் காதில் மற்றவர்கள் பேசுவது நிறைய விழும். அப்படி விழுந்தவற்றில் இது ஒன்று. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதத் துணிகிறேன்.

அக்காவின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தது. தோஷமுள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் நிலைக்கமாட்டான் என்று அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் எழுந்து போனார்கள். மாமா ஒருவர்தான் தெரிந்தே கட்டினார். அவருக்கு விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தகரக் கடை. பெட்டி, புனல், சிம்னி விளக்கு என்று எது கேட்டாலும் செய்வார். நான் அதே ஊரில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை மண்டியில் மூட்டை தைக்கும் வேலையில் இருந்தேன். படுக்கை அவர் கடையில்தான். கல்யாணமான மறு வருஷம் மண்டியின் கூரைக்குத் தகரம் மாற்ற ஏறியவர் சறுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது.

மாமாவின் அம்மா அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்காவாகவேதான் புறப்பட்டாள். கிளியனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, "நான் பக்கத்துல இருந்தா அவரு இருக்கமாட்டாரு. எங்கியோ ஒரு எடத்துல அவரு இருந்தா போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே கூலிப் பெண்களோடு மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டாள். மாமா நொண்டிக்கொண்டே வந்து எத்தனையோ முறை கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, "போய் நல்லா இருங்க" என்பாள். அவ்வளவுதான். அவர் போன பிறகு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. விழுப்புரத்தில் கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸின் ஒலிபெருக்கிக் குழாய் நசுங்கிப்போய், அதைச் சரிசெய்ய ஆபரேட்டர் மாமாவின் கடைக்குக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், பட்டணத்தில் ஒரு கம்பெனி செவ்வாய்க் கிரகத்துக்குப் பறந்து போகிற கதையைப் படம் எடுக்கப் போகிறது என்றும், பறக்கும் ஊர்திக்கு நல்ல தகரக்காரன் கிடைக்காமல் திண்டாடுகிறது என்றும் சொன்னார். ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த மாமா கோலைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே சட்டை துணியைப் பெட்டியில் அடுக்கினார்.

"செவ்வாய்ல இறங்கி அங்க இருக்கிற மண்ணை உங்க அக்கா கண்ணுக்குக் காட்டறேன் மச்சான். வெறும் மண்ணுன்னு பாத்துட்டா அவ வந்துடுவா."

"அது சினிமா தானே மாமா?" என்றேன்.

"சினிமாவுல சாமி வந்தா கன்னத்துல போட்டுக்கறாங்க இல்ல? மண்ணு வந்தா மட்டும் மண்ணுன்னு நம்பமாட்டாங்களா?"

அவர் எதற்காகப் பட்டணம் போனார் என்பதைக் கிளியனூருக்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வரவே இல்லை. வந்தபோது ரயிலின் பிரேக் வேனிலிருந்து இந்தக் கூம்பு இறங்கியது. ஊர்தியின் மூக்கு இது. படம் முடிந்ததும் கம்பெனி படுத்துவிட்டது. மற்றதையெல்லாம் பழைய தகரமாகப் போட்டுவிட்டார்கள். பட்டணத்தில் படம் சில நாள்தான் ஓடியது. மாமா அதற்காக முகம் சுளிக்கவில்லை. பட்டணத்து ஜனங்களுக்காக அவர் அதைச் செய்யவில்லை. டூரிங் டாக்கீஸ் முதலாளியிடம் விடாமல் பேசிப் பேசி அந்தப் படத்தை விழுப்புரத்துக்கு வரவழைத்தார்.

கதை பெரிய கதை. ஒரு பண்டிதர் தன் மகளோடும் வேலைக்காரனோடும் ஊர்தியில் செவ்வாய்க்குப் போகிறார். அங்கே சண்டை கிடையாது, பட்டாளம் கிடையாது. அதைக் கற்றுக்கொண்டு பூமிக்குத் திரும்பிச் சொல்கிறார், ஒருவரும் நம்புவதில்லை. யுத்தம் நடக்கிற நாளில் அப்படி ஒரு கதையை யோசித்தவர் சாதாரண ஆளாக இருக்கமுடியாது. ஆனால் அவர் கையில் காசும் இல்லை, பிலிமும் இல்லை. ஊர்தி தொங்கிய கம்பி பளிச்சென்று தெரிந்தது. செவ்வாயில் பாறை ஒன்று உருண்டு வந்து பண்டிதரின் காலில் மோதித் துள்ளிக் குதித்தது. செவ்வாய் ராஜா புராண நாடகத்துக் கிரீடத்தோடு வந்து நீளமாகப் பாடினார்.

கொட்டகையில் இருந்தது ஒரே மிஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவன் மறைக்கிறான் என்று ஒரு சண்டை, முறுக்குக்காரனைக் கூப்பிடும் சத்தம், அதோடு படத்தைப் பற்றிய பேச்சு. மாமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். கூட நானும். "சனங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினாத்தான் அடுத்ததை நல்லா செய்யமுடியும்" என்பார்.

ஜனங்கள் சொன்னது கேட்கச் சுகமாக இல்லை. ஊர்தி முதல் தடவை உறுமிக்கொண்டு கிளம்பியபோது, "சப்பான்காரன் ஏரோப்ளேன்டா!" என்று ஒருவன் கத்த, பின்வரிசையில் பாதிப் பேர் கூடாரத்துக்கு வெளியே ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் அந்த வெட்கத்தில் படத்தையே திட்டினார்கள். ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு பிட்டர் எழுந்து நின்று கேட்டார்: "யோவ், அம்மாந்தூரம் போறானே, கரி எங்கய்யா வெச்சிருக்கான்? தண்ணி எங்க புடிப்பான்? நடுவுல ஸ்டேஷன் கீதா?"

"மேகத்துல புடிச்சிப்பான், நீ குந்து" என்றது ஒரு குரல்.

"அது இன்னாடா மேல கயிறு தெரியுது?"

"கெணத்துல வுட்ட வாளி மாரி மேல இருந்து எவனோ சேந்தறான்!"

கூடாரமே சிரித்தது. மாமா குனிந்து மணலில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். கம்பியை எந்தப் பக்கம் மறைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

சிரிக்காத இடம் ஒன்றும் இருந்தது. ஊர்தியின் ஜன்னல் வழியாகப் பண்டிதரின் மகள் திரும்பிப் பார்ப்பாள். கறுப்பு வானத்தில் பூமி ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொங்கும். பின்னணியில் வாத்தியம் ஒன்றும் இல்லை. பழுதாகி நின்றுவிட்டதோ என்று தோன்றும்படி அவ்வளவு அமைதி. அத்தனை ஆட்டத்திலும் அந்த இடத்தில் ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், "இதுல நம்ம வூடு எங்கப்பா இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார். மாமா என் தொடையை இறுக்கிப் பிடித்தார்.

அடுத்த ரீலில் செவ்வாய் வந்தது. மேடும் பள்ளமுமாக வெட்டுண்ட பொட்டல். பண்டிதர் இறங்கி மண்ணை அள்ளிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால், ஓரமாக, தலையில்லாத ஒரு பனைமரம். இடி விழுந்து கொண்டை போய், பாதியில் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்த மொட்டைப் பனை. முதல் ஆட்டத்திலேயே அதைப் பார்த்ததும் மாமாவின் காதோரம் குனிந்தேன்.

"மாமா, அது நம்ம கிளியனூர் மேடு இல்ல?"

"வாயைத் தொறக்காத" என்றார்.

வெளியே வந்த பிறகு சொன்னார். டைரக்டர் ஆள் நடமாட்டம் இல்லாத செம்மண் பூமி வேண்டும் என்றபோது இவர்தான் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார். நல்ல கோடை. மல்லாட்டை வேலை முடிந்து மேடு காலியாகக் கிடந்தது. யுத்த காலத்தில் லாரி வந்தால் பட்டாளம் என்று நினைத்து ஊர்ஜனங்கள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. "பனையை மறைக்கத் தட்டி கட்டினேன் மச்சான். காத்து தூக்கிக்கினு போயிடுச்சி. வெயில் போவுதுன்னு டைரக்டர் எடுத்துட்டாரு. விழுப்புரத்துக்காரனுக்கு அது ஒரு மரம். திண்டிவனத்துல போட்டா கதை கந்தலாயிடும். அவ அந்த மரத்தடியில தானே கூழு குடிக்கிறா?"

கூடாரம் அடுத்துத் திண்டிவனத்துக்குப் போனது. மாமாவும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். நான் மண்டியில் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே அவருக்கு இன்னொரு இடி காத்திருந்தது. விழுப்புரத்தில் கூட்டம் குறைந்ததைப் பார்த்த முதலாளி, விளம்பர மாட்டுவண்டியில் தமுக்கு அடித்து, "செவ்வாய் பகவானை நேரில் கண்டு தோஷம் நீங்கப் பெறுங்கள்! செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு விசேஷ ஏற்பாடு!" என்று ஊர் ஊராகச் சொல்லவைத்துவிட்டார்.

மாமா நேராக அவரிடம் போனார். "இது மிஷின் படங்க. பரிகாரப் படம் இல்ல. பயத்தைப் போக்கத்தான் செஞ்சோம். நீங்க அதையே பெருசாக்கறீங்க."

"யோவ், உன் மிஷினைப் பாத்து விழுப்புரத்துல சிரிச்சிட்டுப் போனான். பகவானைப் பாத்து எவன் சிரிப்பான்?" என்றார் முதலாளி. அதற்கு மேல் அவரிடம் பேச இடமில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. கையில் செவ்வரளிப் பூ, மடியில் துவரை, மஞ்சள் துணியில் முடிந்த கற்பூரம். கோயிலுக்கு வருவதுபோல் தலைக்குக் குளித்து வந்திருந்தார்கள். கிளியனூரிலிருந்து வந்த வண்டியில் எங்கள் அம்மா இறங்கினாள். பின்னால் சிவப்புப் புடவையில் அக்கா. தமுக்குக்காரன் பேச்சைக் கேட்டு அம்மா அவளைப் பரிகாரத்துக்கு அழைத்து வந்திருந்தாள். கொட்டகையில் மாமா இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அக்கா இளைத்துப்போயிருந்தாள். இரண்டு கையையும் சேர்த்துப் பூவைப் பிடித்தபடி உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு மாமா மிஷின் அறையின் நிழலில் நின்றார்.

"கும்புட வந்துட்டா மச்சான். நான் மண்ணைக் காட்டலாம்னு இருந்தா, அவ சாமி கும்புட வந்துட்டா" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல. மண்ணைத்தான் பாக்கப் போறா. பனையை மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்தார். பனை வரும் ஓரத்துக்கு ஏற்றபடி வெட்டி, ஒரு கம்பியில் பற்றவைத்திருந்தார். அந்த இடம் வரும்போது லென்ஸுக்கு முன்னால் அதைப் பிடித்தால் மரத்தின் மேல் நிழல் விழுந்து மறைந்துவிடும் என்பது அவர் திட்டம். ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டாலும் இடம் கொடுத்தார். நான் அறைக்கு வெளியே, ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் மூங்கில் தட்டியை ஒட்டி மணலில் உட்கார்ந்தேன்.

பூமி எலுமிச்சம்பழமாகத் தொங்கியது. பேச்சு நின்றது. அடுத்த ரீலில் செவ்வாய் வந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் எழுந்தது. அத்தனை பெண்களும் கைகூப்புகிறார்கள் என்று தெரிந்தது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பூக்கள் திரைப்பக்கம் பறந்தன. அப்போதுதான் திரையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு வந்து உட்கார்ந்தது. மாமாவின் தகரம். பனையை மட்டும் மறைக்கவேண்டிய அது, பண்டிதரின் பாதி உடம்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

"ஏய் ஆபரேட்டரு! கையை எட்றா!"

"பகவானை மறைக்கிறான் பாரு, கண்ணு அவிஞ்சிப்போவ!"

மணலை வாரி மிஷின் அறைமேல் அடித்தார்கள். மாமா விடவில்லை. தகரத்தை அப்படியும் இப்படியும் நகர்த்தினார்; நிழல் திரையில் கூத்தாடியது. கடைசியில் ஆபரேட்டரே அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நிழல் போனது. மொட்டைப் பனை நடுவெயிலில் பளிச்சென்று நின்றது.

பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு கிழக்குரல் வந்தது.

"அடியே, அது நம்ம மொட்டைப் பன இல்ல?"

"ஆமாண்டி! நம்ம மேடுடி அது! அந்தாண்ட பள்ளத்துல தான் என் ஆடு உழுந்துச்சி!"

"அப்ப நான் தெனம் வெளிய போறது செவ்வாய்க்கா?"

சிரிப்பு ஒரு பக்கம் கிளம்பி மறு பக்கம் போய் முட்டியது. கற்பூரம் ஏற்றியவள் அதை அவசரமாக மணலைப் போட்டு மூடினாள். ரீல் முடிந்து விளக்கு வந்தது. மாமா மிஷின் அறை வாசலில் தகரத் துண்டோடு நின்றார். இரண்டு வருஷமாக மனதில் கட்டியது அவர் முகத்தில் இடிந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்க்கமுடியாமல் தட்டியைப் பார்த்தேன். அதற்கு மேல் சிவப்புப் புடவை எழுந்தது.

"தம்பி! யார்ரா அது, அவரா?"

நான் தலையை ஆட்டினேன். அம்மா உட்காரச் சொல்லி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அதை விடுவித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி, தட்டியைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்தாள். ஒரு பெண் அந்தப் பக்கம் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ம்மா, இது ஆம்பளைங்க பக்கம்" என்றான் ஒருவன். "தெரியுது, வழி வுடு" என்றாள். மாமாவுக்கு எதிரில் போய் நின்றாள்.

"இதையா எனக்குக் காட்டறதுக்கு அம்மாந்தூரம் போனீங்க?"

மாமா கையிலிருந்த தகரத் துண்டைப் பார்த்தார். "பனையை மறைச்சிருந்தா..." என்று இழுத்தார்.

"மறைச்சிருந்தா நான் கும்புட்டுக்கினே இருந்திருப்பேன்." தன் கையை விரித்துக் காட்டினாள். மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கி நகக்கண்ணெல்லாம் செம்மண் ஏறியிருந்தது. "இந்த மண்ணைத்தான் தெனம் தேச்சிக் கழுவறேன். இதுக்கா பூப் போட்டேன் இப்ப? நான் மட்டுமா, அத்தினி பேரும் போட்டாங்க. செவ்வாய்னு ஒருத்தன் சொன்னான், ஒடனே கை தானா மேல போயிடுச்சி. அன்னிக்கும் தோஷம்னு ஒருத்தன் சொன்னான், உங்களை வுட்டுட்டுக் கால் தானா பொறப்பட்டு வந்துடுச்சி."

"இது நிஜச் செவ்வாய் இல்ல" என்றார் மாமா. பொய் சொல்லிக் கூட்டிப்போக அவருக்கு மனமில்லை போலும்.

"எனக்குத் தெரியாதா? நிஜச் செவ்வாய் எங்கியோ கெடக்கட்டும். கூரை வழுக்குச்சி, வுழுந்தீங்க. அவ்ளோதான். இனிமே கூரை ஏறினீங்கன்னா நான் கீழ நின்னு ஏணியைப் புடிக்கிறேன்."

அம்மா தட்டிக்கு மேலே எட்டி, "பரிகாரம் பாதியில நிக்குதுடி!" என்று அழாக்குறையாகக் கூப்பிட்டாள்.

"பாதியோட போதும்மா. நாளைக்கு நான் விழுப்புரம் போறேன்" என்றாள் அக்கா.

விளக்கு அணைந்தது. அக்கா திரும்பிப் பெண்கள் பக்கம் போகவில்லை. மிஷின் அறை வாசலிலேயே மாமாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து படத்தைக் கடைசிவரைக்கும் பார்த்தாள். கம்பி தெரிந்தபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். ஒருவரும் நம்பாமல் பண்டிதர் தனியாக நடந்துபோகும் இடத்தில், "பாவம், பெரியவரு" என்றாள். எழுந்து மணலைத் தட்டிவிடும்போது மாமா மெல்லக் கேட்டார், படம் எப்படி என்று.

"நல்லாத்தான் இருக்குது. கயித்தை மட்டும் மறைச்சிருக்கலாம்" என்றாள்.

அந்தப் படம் பிறகு எங்கும் ஓடியதாக நான் கேள்விப்படவில்லை. அதை யோசித்து எடுத்தவர் எங்கே போனாரோ, அதுவும் தெரியாது. அவரிடம் சொல்லமுடிந்தால் ஒன்று சொல்வேன். அவர் நினைத்தது ஒன்றும் ஜனங்களிடம் அவர் நினைத்தபடி போய்ச் சேரவில்லை. ஆனால் ஒரு வண்டியில் வந்த பெண்களில் ஒருத்தி, வந்த வழியே திரும்பிப் போகவில்லை.

மாமா இப்போதும் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது, காலை இழுத்துத்தான் நடக்கிறார். கூரை வேலைக்குப் போனால் அக்கா ஏணியைப் பிடிக்கிறாள். இந்தத் தையில் அவர்கள் மகளைப் பெண் கேட்டு ஒரு தரகர் கோலியனூருக்கு வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். ஜாதகத்தைப் புரட்டிய தரகர் குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்குச் செவ்வாய் இருக்குதே, தெரியுமா?" என்றார். மகள் உள்ளே போக எழுந்தாள்.

அக்கா மகளின் தோளைப் பிடித்து அங்கேயே உட்காரவைத்தாள். பிறகு வாசலைக் காட்டினாள்.

"செவ்வாய்க்குப் போற வண்டியே எங்க வூட்டுல தாங்க கெடக்குது. கோழிக்குஞ்சு மூடறோம். பையன் வூட்டுல பயப்படறவங்களா இருந்தா, காபியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மாமா சங்கடத்தோடு இருமினார். தரகர் வாசலைப் பார்த்தார். கூம்பின் வட்ட ஓட்டையிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அக்கா எழுந்துபோய்த் தகரத்தை ஒரு பக்கமாகத் தூக்கினாள். அது முனகியது. குஞ்சுகள் வெளியே ஓடின.